கைவிளக்கேந்திய காரிகையின் களைப்பு

இரண்டு வருடங்களுக்கு முன், மே மாதத்தில் சர்வதேச தாதியர் தினத்தை ஒட்டி வந்த ஒரு காலைக்கூட்டத்தில் புளோரன்ஸ் நைட்டிங்கேலைப் பற்றி ஐந்து நிமிடம் பேசும்படி அதிபர் என்னிடம் சொன்னார். பருத்தித்துறையில் நான் கற்பிக்கும் பாடசாலையில் இப்படியான பேச்சுகள் ஆசிரியர்களுக்கு முறைவைத்து வரும். வழமையாகச் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். கிரிமிய யுத்தம், இருண்ட வைத்தியசாலை, காயப்பட்ட படையினர், நள்ளிரவில் கையில் விளக்கோடு கட்டில் கட்டிலாக நடந்த பெண். 1856இல் அவர் நாடு திரும்பியதோடு கதையை முடித்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கூட்டம் நடக்கும்போது பத்தாம் தரத்து மாணவி ஒருத்தி மட்டும் விறாந்தைப் படியில் உட்கார்ந்திருந்தாள். மாரிமழை காலத்தில் அவளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து வைத்தியசாலையில் இருந்து திரும்பியவள். காய்ச்சல் போய் நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. கிழமையில் இரண்டு நாள் வருவாள், மூன்று நாள் வரமாட்டாள். வந்தாலும் இடைவேளைக்குப் பிறகு மேசையில் தலையைப் போட்டுவிடுவாள். இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறதென்று தாய் சொல்லியிருந்தார். பரிசோதனை சரியென்றால் பிள்ளையும் சரிதானே என்று நான் முடிவு செய்தேன். டெங்கு ஊரில் எத்தனையோ பேருக்கு வந்து போகிறது, நீ மட்டும் ஏன் இப்படி என்று அவளிடம் கேட்டும் இருக்கிறேன். உடற்பயிற்சிப் பாடத்தில் ஓடினால் உற்சாகம் வரும் என்று மைதானத்துக்கும் அனுப்பினேன். அதற்கடுத்த பத்து நாட்கள் அவள் பாடசாலைக்கே வரவில்லை.

அன்றிரவு, அடுத்த முறை கொஞ்சம் விரிவாகப் பேசலாம் என்று நைட்டிங்கேலின் மீதி வாழ்க்கையைத் தேடி வாசித்தேன். நான் கதையை முடித்த 1856இல் அவருக்கு வயது 36. அதற்குப் பிறகு 54 வருடங்கள் வாழ்ந்திருக்கிறார். அதில் பெரும்பகுதியை நோயாளியாக, கட்டிலிலும் சாய்வு இருக்கையிலும் கழித்திருக்கிறார். அவர் பிறந்த மே 12ஆம் திகதி தாதியருக்கு மட்டும் உரிய நாள் அல்ல. நாட்பட்ட களைப்பு நோய் என்றும், சுருக்கமாக எம்.ஈ. என்றும் அழைக்கப்படும் நோயால் வாடுவோருக்கான விழிப்புணர்வு நாளும் அதுவே. அவர் பிறந்த நாள் என்பதற்காகவே அந்தத் திகதியைத் தெரிவு செய்தார்கள் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

நைட்டிங்கேல் 1820ஆம் ஆண்டு, இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், வசதியான ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தவர். நகரத்தின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். தந்தை வீட்டிலேயே கணிதமும் மொழிகளும் வரலாறும் கற்பித்தார். தாதித் தொழிலுக்குப் போகிறேன் என்று மகள் சொன்னபோது வீட்டில் பெரிய எதிர்ப்பு. அக்காலத்தில் அது மதிப்பான வீட்டுப் பெண்கள் செய்யும் வேலையாகக் கருதப்படவில்லை. நம் சமூகத்திலும் தாதித் தொழிலுக்குப் பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய காலம் மிகத் தூரத்தில் இல்லை என்பதால் இதை விளக்க வேண்டியதில்லை.

1854இல் ரஷ்யாவுக்கு எதிராக உஸ்மானியப் பேரரசும் பிரித்தானியாவும் பிரான்சும் ஓரணியில் நின்று போரிட்டன. பிரித்தானியப் படையின் நோயாளிகளை வைத்துப் பராமரிக்க, இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில் உஸ்குதாரில் உள்ள சலீமிய்யா பாசறையை உஸ்மானியர் கொடுத்தார்கள். சுல்தான் மூன்றாம் சலீமின் பெயரைக் கொண்ட அந்தப் பெரிய கட்டடம் இன்றும் நிற்கிறது. அதன் கோபுரம் ஒன்றில் நைட்டிங்கேலுக்கு ஒரு சிறு அருங்காட்சியகமும் இருக்கிறது. ஆங்கிலேயர் ஸ்கூட்டாரி என்று எழுதிய இடம் அதுதான். நமது பாடப்புத்தகக் கதைகளில் ஸ்கூட்டாரி வரும், உஸ்குதார் வராது.

38 தாதியருடன் 1854 நவம்பரில் அவர் அங்கு போய்ச் சேர்ந்தார். கட்டடத்தின் அடியில் கழிவுநீர் தேங்கிக் கிடந்தது. காயத்தால் இறந்தவர்களைவிட வாந்திபேதி, வயிற்றுளைச்சல், காய்ச்சல் என்று நோயால் இறந்தவர்களே மிக அதிகம். 1855 பெப்ரவரியில் அங்கே சேர்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள். மார்ச்சில் வந்த சுகாதார ஆணைக்குழுவினர் கழிவுநீர்க் கால்வாய்களைத் துப்புரவாக்கி, காற்றோட்டம் செய்து, தண்ணீர்க் குழாய்களைச் சீர்ப்படுத்திய பிறகு, ஜூன் அளவில் அது நூற்றுக்கு 2 என்று இறங்கியது. விளக்கைவிடப் பெரிய வேலையைக் கால்வாய் துப்புரவு செய்தவர்கள் செய்தார்கள் என்பதைப் பின்னாளில் கணக்குப் பார்த்து உலகுக்குச் சொன்னவரும் நைட்டிங்கேல்தான்.

1855 மே மாதம் அவர் கருங்கடலைத் தாண்டி, போர் நடந்த கிரிமியாவின் பலக்லாவாவுக்குப் போனார். போய்ச் சில நாட்களிலேயே கடும் காய்ச்சலில் விழுந்தார். கிரிமியக் காய்ச்சல் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். பல நாட்கள் உயிர் ஊசலாடியது. தேறியதும் ஓய்வெடுக்க நாடு திரும்பும்படி பலரும் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. யுத்தம் முடியும்வரை இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்து வேலை செய்தார். இடையிடையே முதுகுவலி, கால் நரம்பு வலி, தூக்கமின்மை என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது.

நாடு திரும்பியபின் படையினரின் சுகாதாரத்தைப் பற்றி அரசாங்க விசாரணை ஆணைக்குழு ஒன்றை அமைக்க வைத்தார். அதற்காக இரவு பகலாக 800 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கை ஒன்றை எழுதினார். 1857 ஆகஸ்டில் ஒருநாள் முற்றாக விழுந்துபோனார். நெஞ்சு படபடப்பு, மூச்சு வாங்குதல், உணவைக் கண்டால் குமட்டல், எழுந்து நிற்க முடியாத பலவீனம். நீர்ச் சிகிச்சைக்கென்று மால்வேர்ன் என்ற ஊருக்குப் போனார். சாகப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள், அவரும் நினைத்தார். 1861 டிசம்பரில் இன்னும் கடுமையாக நோய் திரும்பியது. முதுகெலும்பு வலியால் நடக்கவே முடியாமல் சில ஆண்டுகள் அறைக்குள்ளேயே கிடந்தார். வீடு மாறும்போது அவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

அந்தக் கட்டிலில் இருந்தபடி அவர் செய்த வேலைகளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். தாதியியல் பற்றிய புகழ்பெற்ற நூல் 1859 அளவில் வெளிவந்தது. 1860இல் லண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கியது. இந்தியாவுக்கு ஒருநாளும் போகாமலே அங்குள்ள படைமுகாம்களுக்கு வினாக்கொத்துகள் அனுப்பித் தகவல் திரட்டினார். இந்தியாவில் பிரித்தானியப் படையினர் ஆயிரத்துக்கு 69 பேர் வீதம் ஆண்டுதோறும் இறக்கிறார்கள் என்ற 1863ஆம் ஆண்டு அறிக்கையின் பின்னால் இருந்தவர் அவர். பின்னர் அவரது கவனம் படையினரிடமிருந்து குடிமக்களிடம் திரும்பியது. சென்னை மாகாணத்தை வாட்டிய 1876-78 பஞ்சத்தைப் பற்றியும், நீர்ப்பாசனம் பற்றியும், விவசாயிகளின் கடன் பற்றியும் எழுதினார். இலங்கை உள்ளிட்ட குடியேற்ற நாடுகளின் பாடசாலைப் பிள்ளைகள் எதனால் நோயுற்று இறக்கிறார்கள் என்று புள்ளிவிபரம் சேகரித்து 1863இல் ஒரு நூலும் வெளியிட்டார். ஓர் ஆசிரியையாக அதை அறிந்தபோது எனக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது.

இவ்வளவும் செய்தவர் நோயாளியா என்பதுதான் கேள்வி. உயிரோடு இருந்தபோதே உறவினரிடையே அந்த முணுமுணுப்பு இருந்தது. தாயும் சகோதரியும் பார்க்க வந்தால் நெஞ்சு படபடக்கிறது என்று தடுத்தார். அமைச்சர்கள் வந்தாலும் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான், குறித்த நேரத்தில்தான் சந்தித்தார். வேண்டாதவரைத் தவிர்க்க நோயை ஒரு கதவாகப் பயன்படுத்துகிறார் என்று பேசிக்கொண்டார்கள். அவர் இறந்து எட்டு வருடங்களில், 1918இல், லிட்டன் ஸ்ட்ரேச்சி எழுதிய நூல் அவரைப் பிறரை வாட்டி வேலை வாங்கும் ஒரு விசித்திரமான பெண்ணாகக் காட்டியது. 1974இல் சேர் ஜோர்ஜ் பிக்கரிங் என்ற வைத்தியப் பேராசிரியர், நைட்டிங்கேலின் நோய் மனதிலிருந்து எழுந்தது, வேலைக்குத் தேவையான தனிமையை அது அவருக்குப் பெற்றுக் கொடுத்தது என்று வாதிட்டார். அதே நூலில் சார்ள்ஸ் டார்வினின் நீண்டகால நோயையும் அந்த வரிசையில்தான் வைத்தார்.

1995இல் டேவிட் யங் என்ற ஆய்வாளர் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வேறொரு விளக்கத்தைக் கொடுத்தார். கிரிமியக் காய்ச்சல் என்பது புருசெல்லோசிஸ் ஆக இருந்திருக்கலாம் என்றார் அவர். அதே நோய் மோல்டா தீவில் மோல்டாக் காய்ச்சல் என்று அறியப்பட்டது. 1887இல் டேவிட் புரூஸ் அதன் கிருமியைக் கண்டறிந்தார். 1905இல் தெமிஸ்தொக்ளிஸ் சமித் என்ற மோல்டா நாட்டவர் அது ஆட்டுப்பால் வழியாகப் பரவுகிறது என்று காட்டினார். அந்தக் கிருமி சிலரில் உடலுக்குள் ஒளிந்திருந்து வருடக்கணக்கில் வந்து வந்து போகும். முதுகெலும்பைத் தாக்கும், களைப்பையும் மனச்சோர்வையும் படபடப்பையும் கொடுக்கும். 1857இல் எந்த வைத்தியருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை. அன்றைய பரிசோதனைகள் எல்லாம் அவர் சரியாக இருக்கிறார் என்றே சொல்லியிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். ஆட்டுப்பாலைக் காய்ச்சாமல் குடிப்பது மருந்து என்று நம்புவோர் இங்கும் உண்டு. உம்றாவுக்கும் ஹஜ்ஜுக்கும் போகும் நம்மவர்கள் பாலைவனத்து ஒட்டகப் பாலைக் கறந்த சூட்டிலேயே குடித்துவிட்டு வந்து பெருமையாகச் சொல்வதும் உண்டு. புருசெல்லோசிஸ் அரபு நாடுகளில் இன்றும் இருக்கிறது. பாலைக் காய்ச்சிக் குடிப்பதில் எந்த பரக்கத்தும் குறைந்துவிடாது.

எல்லோரும் யங்கின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்றில்லை. ஹியூ ஸ்மோல் என்ற ஆய்வாளர் 1857இன் வீழ்ச்சிக்கு வேறொரு காரணத்தைக் காண்கிறார். ஸ்கூட்டாரியில் தன் கண் முன்னால் இறந்தவர்களில் பெரும்பாலானோர் கட்டடத்தின் அசுத்தத்தால் இறந்தார்கள், அதை அப்போது தான் உணரவில்லை என்பதைப் புள்ளிவிபரங்களில் கண்ட அதிர்ச்சிதான் அவரைச் சாய்த்தது என்கிறார். 1861இன் வீழ்ச்சிக்கும் ஒரு பின்னணி இருந்தது. அவருடைய நெருங்கிய துணைவரான அமைச்சர் சிட்னி ஹேர்பேட் அந்த ஆகஸ்டில் இறந்தார். உதவியாளராக இருந்த கவிஞர் கிளவ் நவம்பரில் இறந்தார். டிசம்பரில் இவர் விழுந்தார். தொற்று, ஓய்வில்லாத உழைப்பு, துக்கம், குற்ற உணர்வு, எல்லாமே அங்கே ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒன்றை மட்டும் இழுத்தெடுத்து இதுதான் காரணம் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

இன்று நாட்பட்ட களைப்பு நோய் என்று வைத்தியர்கள் சொல்வதைப் பார்த்தால், அதற்கும் இப்படி ஒரே காரணத்தைக் காட்ட முடியாத நிலைதான். ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கும் களைப்பு, தூங்கி எழுந்தாலும் தீராத சோர்வு, யோசிக்கவும் நினைவில் வைக்கவும் சிரமம், எழுந்து நின்றால் தலைசுற்றல். இவற்றைவிட முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. சிறிது உழைத்தாலும் மறுநாளோ அதற்கு மறுநாளோ நோய் பலமடங்காகத் திருப்பி அடிக்கும். இரத்தப் பரிசோதனை ஒன்றால் இதை உறுதிப்படுத்த இன்னும் வழியில்லை. ஆனால் எப்படித் தொடங்குகிறது என்று பார்த்தால், பலருக்கு ஒரு தொற்றுக் காய்ச்சலுக்குப் பிறகே தொடங்குகிறது. அவுஸ்திரேலியாவின் டபோ என்ற ஊரில் மூன்று வகைத் தொற்றுகளால் பாதிக்கப்பட்ட 253 பேரைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. ஒன்று சுரப்பிக் காய்ச்சல். இன்னொன்று நுளம்பால் பரவும் ரொஸ் ரிவர் வைரஸ். மற்றது ஆடுமாடுகளிடமிருந்து தொற்றும் கியூ காய்ச்சல். ஆறு மாதத்தின் பின் அவர்களில் 11 வீதமானோருக்கு இந்த நோய் இருந்தது. முதல் காய்ச்சல் எவ்வளவு கடுமையாக இருந்ததோ அதைப் பொறுத்தே களைப்பு நீடித்தது. முன்னர் இருந்த மனநிலையைப் பொறுத்து அல்ல. எந்தக் கிருமி என்பதும் பெரிதாகப் பொருட்படவில்லை.

2006இன் இறுதியில் யாழ்ப்பாணத்தில் சிக்குன்குனியா பரவியபோது மாதக்கணக்கில் எழும்ப முடியாமல் கிடந்தவர்களை இங்குள்ளவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கொவிட் வந்தபின் உலகம் முழுவதும் இலட்சக்கணக்கானோர் இதே கதையைச் சொன்னார்கள். சிலருக்கு விபத்தோ, சத்திரசிகிச்சையோ, நீண்ட மன அழுத்தமோ தொடக்கமாக இருந்திருக்கிறது. சில குடும்பங்களில் இது திரும்பத் திரும்ப வருவதால் பரம்பரைக்கும் பங்கு இருக்கலாம் என்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. நம்பப்படாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

1955இல் லண்டன் றோயல் ஃப்ரீ வைத்தியசாலையில் கிட்டத்தட்ட 300 ஊழியர்கள் இத்தகைய நோயில் விழுந்தார்கள். வைத்தியசாலையையே சில மாதங்கள் மூட வேண்டி வந்தது. விழுந்தவர்களில் பெரும்பாலோர் தாதியர். பதினைந்து வருடங்கள் கழித்து இரண்டு மனநல மருத்துவர்கள், நோயாளிகள் எவரையும் நேரில் பரிசோதிக்காமல் பழைய ஆவணங்களை மட்டும் வாசித்து, இது பெண்களிடையே பரவிய கூட்டு மனப்பதற்றம் என்று எழுதினார்கள். அந்த முத்திரை பல பத்தாண்டுகள் ஒட்டிக்கொண்டது. உடற்பயிற்சியைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் குணமாகும் என்ற சிகிச்சையும் நீண்டகாலம் இருந்தது. 2021இல்தான் பிரித்தானியாவின் சுகாதார வழிகாட்டல் நிறுவனம் அதைக் கைவிடும்படி சொன்னது. நான் அந்தப் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பியது அதற்குப் பிறகு. கலாசாலையில் எங்களுக்கு, பிள்ளை பாடத்தில் கவனமில்லாவிட்டால் பசியா, பார்வையா, செவியா, வீட்டில் சண்டையா என்று பார்க்கப் படிப்பித்தார்கள். முடிந்துபோன காய்ச்சலைப் பார்க்கச் சொல்லவில்லை.

நைட்டிங்கேலுக்கு இருந்தது இந்த நோய்தானா, புருசெல்லோசிஸ்தானா என்பதை இனி எவரும் நிரூபிக்க முடியாது. காய்ச்சலில் தொடங்கியது, உழைப்புக்குப் பின் மோசமானது, வருடங்கள் நீடித்தது என்ற அளவில் அவர் வாழ்க்கை இந்த நோயாளிகளின் வாழ்க்கையைப் போலவே இருக்கிறது. பார்வையாளரைக் கட்டுப்படுத்தியதும், கட்டிலில் இருந்தபடி எழுதியதும், அறையை அமைதியாக வைத்திருந்ததும் அக்காலத்தில் சுயநலமாகத் தெரிந்தன. இருக்கும் சக்தியை எண்ணிச் செலவழிக்கும்படி இந்த நோயாளிகளுக்கு இன்று வைத்தியர்களே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அவரைப் புனிதராக்கிவிடவும் முடியாது. சிட்னி ஹேர்பேட் சிறுநீரக நோயால் தேய்ந்துகொண்டிருந்தபோது, பொறுப்புகளைக் குறைக்க விரும்பிய அவரை விடாமல் வேலை வாங்கினார். அந்தக் களைப்பை அவர் நம்பவில்லை. மூன்று வருடங்களாகத் தன்னோடு தங்கிப் பணிவிடை செய்த மாமி மேய் தன் குடும்பத்திடம் திரும்பிப் போனதை நீண்டகாலம் மன்னிக்கவும் இல்லை. தன் நோயை மற்றவர் நம்பாததால் வெந்தவர், பக்கத்தில் இருந்தவரின் நோயைக் காணாமல் போனார். இதை வாசித்தபோதுதான் விறாந்தைப் படியில் இருந்த பிள்ளை எனக்கு நினைவுக்கு வந்தாள்.

அவளோடு என் சாச்சியும் நினைவுக்கு வந்தார். புத்தளத்தில் இருப்பவர். கொவிட் வந்து போனபின் அந்த வருட ரமழானில் நோன்பு பிடிக்க முடியவில்லை, தராவீஹுக்கு நிற்கவும் முடியவில்லை. வெளியே பார்த்தால் ஆள் நன்றாகத்தான் இருந்தார். பக்கத்து வீட்டில் ஈமான் பலவீனம் என்று பேச்சு. வீட்டில் கண்ணேறு என்று தண்ணீர் ஓதிக் குடிக்கக் கொடுத்தார்கள். ஓதிக் கொடுப்பதில் பிழையில்லை, ஓதியும் எழும்பாதவரைக் குறை சொல்வதுதான் பிழை. நோயாளிக்கு நோன்பில் அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். நிற்க இயலாதவர் இருந்து தொழலாம், அதற்கும் இயலாதவர் சாய்ந்து தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். நோயாளி தன் நோயை அயலவருக்கு நிரூபித்த பின்புதான் அந்தச் சலுகை என்று எங்கும் நிபந்தனை இல்லை. நோன்பைக் கழாச் செய்வதா, ஃபித்யா கொடுப்பதா என்பதை மௌலவியிடமும் வைத்தியரிடமும் கேட்டு முடிவு செய்ய வேண்டியது சாச்சி. பக்கத்து வீட்டார் அல்ல.

நோய் விசாரிக்கப் போவது நமக்கு சுன்னத். போனால் சுருக்கமாக இருந்து, துஆச் செய்துவிட்டு எழும்ப வேண்டும் என்பதும் அதன் ஒழுக்கம். நைட்டிங்கேல் தன் தாதியியல் நூலில், நோயாளியின் கட்டிலருகே வந்து வெற்று ஆறுதலும் ஆளுக்கொரு வைத்தியமும் சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். கட்டிலில் கிடந்தவர் எழுதியது என்பது அதை வாசிக்கும்போது தெரியும்.

வயது போகப் போக அவருடைய வலி குறைந்தது. 1870களில் தாயைப் போய்ப் பார்த்து, 1880இல் அவர் இறக்கும்வரை கவனித்தார். பிள்ளைப் பருவத்திலிருந்து பிணங்கி வந்த சகோதரியோடும் சேர்ந்துகொண்டார். பின்னர் கண்பார்வை மங்கியது, நினைவும் போனது. 1907இல் பிரித்தானியாவின் உயரிய மெரிட் விருது முதன்முறையாக ஒரு பெண்ணுக்கு, அவருக்கு, வழங்கப்பட்டபோது அது என்னவென்று அவருக்கு முழுமையாகப் புரிந்திருக்குமா என்பது சந்தேகம். 1910 ஆகஸ்ட் 13இல், 90 வயதில், தூக்கத்தில் இறந்தார். அரச மரியாதையோடு வெஸ்ட்மின்ஸ்டரில் அடக்கம் செய்ய அரசாங்கம் முன்வந்தது. குடும்பத்தார் அதை மறுத்து, ஊர்த் தேவாலயத்து மண்ணில் அடக்கம் செய்தார்கள்.

அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நான் அடுத்த கிழமையே போனேன். தாய் கோயிலில் நூல் கட்டி வைத்திருந்தார். பிள்ளை என்னைக் கண்டதும் எழுந்து நிற்கப் பார்த்தாள், இருக்கச் சொன்னேன். மைதானத்துக்கு அனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் பதில் ஒன்றும் சொல்லவில்லை, தாய்தான் பரவாயில்லை ரீச்சர் என்றார். தவறவிட்ட பாடங்களைச் சிறு சிறு துண்டுகளாக எழுதிக் கொடுத்தனுப்ப ஒழுங்கு செய்தோம். அரை நாள் வந்து போக அதிபர் சம்மதித்தார். முழுதாகத் தேறிவிட்டாள் என்று சொல்லமாட்டேன். சில கிழமைகள் நன்றாக இருக்கும், பிறகு விழுந்துவிடுவாள்.

காலைக்கூட்டத்தில் அவள் இப்போது படியில் இருப்பதில்லை. வகுப்பறையிலிருந்து ஒரு கதிரையை வெளியே எடுத்துப் போடுகிறோம்.